கன்னியா: ஏழு கிணறுகள்

மலைநீர் என்றால் கொல்லிமலைக் குளிர்ச்சியை அறிந்தவர்கள் நாம். இலங்கையில், திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் நீர் சுடுகிறது. சதுரமான ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. எரிமலை ஏதுமில்லை. ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் நிலத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு பாறைப் பிளவுகள் வழியே மேலேறுகிறது.

ஐதீகம் வேறு சொல்கிறது. தாய் இறந்துவிட்டதாக விஷ்ணு ராவணனிடம் பொய் சொன்னார் என்பது ஒரு வழக்கு. ஈமக்கடனுக்கு நீர் வேண்டி அவன் நிலத்தில் வாளை ஊன்றினானாம். செய்தி பொய், துக்கம் மெய். அந்தத் துக்கத்தின் தொடர்ச்சியாகவே தமிழர்கள் இங்கு அந்தியேட்டி செய்துவந்திருக்கிறார்கள்.

2011இல் தொல்லியல் திணைக்களத்தின் பலகை இவ்விடத்தை அநுராதபுரக் காலப் பௌத்த மடத்தோடு இணைத்தது. 2019இல், சிதைந்த பிள்ளையார் கோயில் மேட்டில் விகாரை எழுப்பும் முயற்சிக்குத் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

யார் முந்தியவர் என்ற கேள்வியிலேயே வரலாற்றுப் பிரக்ஞை இங்கு சுருங்கிவிடுகிறது. மணிமேகலை எழுதப்பட்ட மொழிக்குப் பௌத்தம் அந்நியமல்ல. பௌத்த எச்சம் கிடைத்தாலும் தமிழர் இங்கு அந்நியராகிவிட மாட்டார்கள். இறந்தவர்களுக்காக இந்த நீரில் முழுகி எழுந்தவர்கள் கல்வெட்டு எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைக் கணக்கில் சேர்க்காத தொல்லியல் பாதி வரலாறுதான்.