போதைப்பொருள் வழக்கில் தண்டனையைத் தீர்மானிப்பது எடையா, குற்றவாளியின் பங்கா? சட்டம் கடந்து வந்த பாதை

திருவனந்தபுரம்: கடந்த 1990 ஏப்ரலில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், சரஸ் எனப்படும் கஞ்சா பிசினை சுமார் 61 கிராம் மறைத்து வைத்திருந்ததாக ஆஸ்திரேலியப் பயணி ஒருவர் கைது செய்யப்பட்டார். அமர்வு நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுகள் சிறையும் ரூ.1 லட்சம் அபராதமும் விதித்தது. அதே அளவு சரஸ் இன்று பிடிபட்டால் அதிகபட்ச சிறைத் தண்டனை ஓராண்டு மட்டுமே.

அந்தப் பயணியை கேரள உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. சான்றுப் பொருளில் முறைகேடு நடந்ததாக எழுந்த தனி வழக்கைத் தொடர 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. ஆனால் 10 ஆண்டுகள் ஓராண்டாகக் குறைந்தது எப்படி என்பது இந்தியாவின் போதைப்பொருள் தண்டனைச் சட்டத்தின் வரலாறு. அதன் முக்கியத் திருப்பங்கள் சில, கேரளத்திலிருந்து சென்ற வழக்குகளில்தான் நிகழ்ந்தன.

1985 சட்டம் என்ன கூறியது?

என்டிபிஎஸ் என்ற சுருக்கப் பெயரில் அறியப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. ஹெராயின், சரஸ் போன்றவற்றுக்கு அளவு எதுவாயினும் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள் சிறை என அது வகுத்தது. மிகச் சிறிய அளவை சொந்தப் பயன்பாட்டுக்கே வைத்திருந்ததாக நிரூபிப்பவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1989 திருத்தம் ஜாமீனைக் கடினமாக்கியதுடன், பெரும் அளவில் மீண்டும் குற்றம் புரிவோருக்குக் கட்டாய மரண தண்டனையையும் சேர்த்தது.

2001 திருத்தம்

பெரும் கடத்தல்காரரும் போதைக்கு அடிமையானவரும் ஒரே தண்டனையைப் பெறும் நிலையை மாற்ற, 2001 அக்டோபர் 2 முதல் மூன்று படிநிலைகள் அறிமுகமாயின. சிறு அளவுக்கு இப்போது ஓராண்டு வரை சிறை. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை. இதில் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. வணிக அளவுக்கு மட்டும் 10 முதல் 20 ஆண்டுகள்.

கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. இந்த வரம்புகள் சரஸுக்கு 100 கிராம், 1 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். எம்டிஎம்ஏவுக்கு அரை கிராம், 10 கிராம்.

இச்சலுகை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் பொருந்திய திருத்தம், மேல்முறையீட்டில் இருந்தவற்றுக்குப் பொருந்தவில்லை. இந்தப் பாகுபாடு செல்லும் என, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலவையை எடை போடுவது எப்படி?

கேரளத்தின் மற்றொரு வழக்கில் சுமார் 4 கிலோ கலவை பிடிபட்டது. அதில் உண்மையான ஹெராயின் சுமார் 60 கிராம்தான். தூய பொருளின் எடையையே கணக்கிட வேண்டும் என்று 2008-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 10 ஆண்டு தண்டனையை 6 ஆண்டுகளாகக் குறைத்தது. மத்திய அரசு 2009 நவம்பரில் வெளியிட்ட அறிவிக்கை, கலவையின் மொத்த எடையையே கணக்கில் கொள்ளச் செய்தது. 2020 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2008 தீர்ப்பை ரத்து செய்தது. போதைப்பொருள் பெரும்பாலும் கலப்படமாகவே விற்கப்படுகிறது என்பதும், சட்டத்தின் நோக்கம் அச்சுறுத்தித் தடுப்பதே என்பதும் அந்த அமர்வு கூறிய காரணங்கள்.

இன்னும் மாறாதவை

எடை வணிக அளவைத் தாண்டிவிட்டால், குற்றவாளியின் பங்கு எதுவாயினும் 10 ஆண்டுகளுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. கூலிக்குப் பொட்டலம் சுமந்தவருக்கும் அனுப்பி வைத்த முதலாளிக்கும் தொடக்கம் ஒன்றே. 32-ஏ பிரிவின்படி அரசின் தண்டனைக் குறைப்பும் கிடைக்காது. தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற அதிகாரத்தை மட்டும் 2000-இல் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது.

வணிக அளவு வழக்குகளில், குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணமும், வெளியே சென்று மீண்டும் குற்றம் புரியமாட்டார் என்ற திருப்தியும் நீதிமன்றத்துக்கு ஏற்பட்டால்தான் ஜாமீன். எனினும், 7 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையிலிருந்த விசாரணைக் கைதி ஒருவரின் வழக்கில், அளவுகடந்த தாமதம் ஏற்பட்டால் ஜாமீனுக்கு இந்த நிபந்தனை தடையாகாது என 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. மரண தண்டனை கட்டாயம் என்பதை 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2014 திருத்தம் அதை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டது.

பிற நாடுகளில்

மரண தண்டனையைத் தொடரும் சிங்கப்பூர்கூட, பொருளைச் சுமந்து செல்பவராக மட்டும் இருந்து புலனாய்வுக்குக் கணிசமாக உதவியவருக்கு ஆயுள் தண்டனை விதிக்க 2012 திருத்தத்தின் மூலம் வழி செய்தது. மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையையே நீக்கியது. அமெரிக்காவின் 2018 சட்டம் சில போதைப்பொருள் குற்றங்களுக்கான கட்டாயத் தண்டனையைக் குறைத்தது.

அடுத்து என்ன?

எம்டிஎம்ஏ பரவலை எதிர்த்து 2025-இல் கேரள காவல்துறை ‘ஆபரேஷன் டி-ஹண்ட்’ நடவடிக்கையை மேற்கொண்ட சூழலில், தண்டனையைத் தளர்த்துவது எளிதில் ஏற்கப்படும் கோரிக்கை அல்ல. ஆனால் சீர்திருத்தம் என்பது கடத்தல்காரரை விடுவிப்பதாக இருக்க வேண்டியதில்லை. எடையுடன் குற்றவாளியின் பங்கையும் அளக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தருவதே அதன் மையம். நாடு முழுமைக்கும் அதைச் செய்ய நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நடப்புச் சட்டத்திலேயே ஒரு வழி உள்ளது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றஞ்சாட்டப்படும் அடிமையானவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவின்கீழ் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். கேரள கலால் துறையின் ‘விமுக்தி’ திட்டம் மாநிலத்தில் மறுவாழ்வு மையங்களை நடத்துகிறது. கைதுக்குப் பின் வழக்கறிஞரிடம் குடும்பத்தினர் முதலில் கேட்க வேண்டியது, பிடிபட்ட அளவு எந்தப் படிநிலையில் வருகிறது என்பதே. ஜாமீனும் சிகிச்சை வாய்ப்பும் தண்டனைக் காலமும் பெரிதும் அந்தப் பதிலைப் பொறுத்தவை.