கயிறு மாறும் இடம்: பாண்டிய, விசயநகர ஆட்சிகளில் குதிரை பேணலின் செலவும் இழப்பும்

தமிழகத்திற்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை காலம் முதலே இலக்கியம் பேசுகிறது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் காலக் கல்வெட்டுகளிலும், குதிரையேற்றி வரும் கப்பலைத் திருப்புடைமருதூர்க் கோபுரத்து ஓவியத்திலும் காண்கிறோம். இவற்றை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் துறைமுகம், வணிகக் குழு, விலை ஆகிய மூன்றையும் சுற்றியே பெரும்பாலும் அமைந்துள்ளன. குதிரை கரையிறங்கிப் பந்தியில் கட்டப்பட்ட பிறகு நடந்தது என்ன என்பது தனித்து நோக்கத்தக்க வினா. விலை ஒருமுறை கொடுப்பது. தீனியோ நாள்தோறும் கொடுப்பது. சாவு எந்த நாளிலும் வரக்கூடியது. ஆகவே குதிரைப்படையின் உண்மையான செலவை விலைப் பட்டியலில் காண இயலாது. இறந்த குதிரையின் இழப்பு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதைக் கண்டறிந்தால் அச்செலவு புலப்படும். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான சான்றுகளை இந்த நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

எண்ணிக்கையும் ஐயமும்

பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்திற்கு இரு அயலகச் சான்றுகள் முதன்மையானவை. 1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டை ஐந்து அரச உடன்பிறந்தோர் ஆண்டதாகவும், அவர்களுள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், அத்தாபெக் அபூபக்கர் காலத்தில் பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து மாபார், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டதாகவும், அவற்றின் மதிப்பு 22,00,000 தினார் என்றும் குறிக்கிறார். மாபார் என்பது அவர் வழக்கில் சோழமண்டலக் கரையையும் அதன் உள்நாட்டையும் சுட்டும்.

ஐவர் ஆளுக்கு 2,000 எனக் கொண்டால் போலோவின் கணக்கும் 10,000 ஆகிறது. இந்த ஒற்றுமையை ஒன்றை மற்றொன்று உறுதிப்படுத்தும் சான்றாகக் கொள்வது பிழை. வஸ்ஸாஃபின் எண் பல துறைமுகங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது; காலத்தாலும் ஒரு தலைமுறை முற்பட்டது.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குதிரைகள் ஓராண்டில் இறந்தன என்பதை அப்படியே ஏற்க இன்னொரு தடையும் உண்டு. 1311இல் மாலிக் காபூர் தென்னாட்டிலிருந்து தில்லிக்குக் கொண்டுசென்ற பொருள்களில் 5,000 குதிரைகள் இருந்ததாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். பரணி அதனை 20,000 ஆக உயர்த்துகிறார். இவற்றுள் போசளரிடமிருந்து பெற்றவையும் அடங்கும். வெற்றியைப் பாடுவோரின் எண்களில் மிகையும் இருக்கும். ஆயினும், ஆண்டுதோறும் ஏறத்தாழ முற்றிலும் வெறுமையான பந்திகளிலிருந்து இத்தனை குதிரைகளைக் கவர்ந்திருக்க முடியாது. இழப்பு மிகுதி என்பதை மறுக்க வேண்டுவதில்லை; போலோ தரும் விகிதத்தை வணிகர் வாய்மொழியாகக் கொள்வதே பொருந்தும்.

தீனி பற்றிய குற்றச்சாட்டு

இந்த இழப்புக்குப் போலோ கூறும் காரணம் அறியாமை. இந்நாட்டார்க்குக் குதிரையைப் பேணத் தெரியாது. சோறும் வேகவைத்த இறைச்சியும் ஊட்டுகின்றனர். லாடம் கட்டி மருத்துவமும் பார்ப்பவர் இல்லை என்பது அவர் கூற்று. வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் தருகின்றனராம். நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் பந்தியில் பிணித்துக் கொழுக்கவைத்து, பின்னர்ப் பயிற்சியோ அங்கவடியோ இன்றி முரட்டுத்தனமாக ஏறி ஓட்டுகின்றனராம்.

இவ்விரு குறிப்புகளையும் பிற்கால வரலாற்று நூல்கள் தமிழரின் குதிரை அறியாமைக்குச் சான்றாகப் பலமுறை எடுத்தாண்டுள்ளன. ஆனால் சமைத்த தீனி என்பது அறியாமையின் விளைவன்று. அர்த்தசாத்திரத்தின் குதிரைத் தலைவன் பற்றிய இயல், உயர்தரக் குதிரைக்கு அரிசி அல்லது வாற்கோதுமையைப் பாதி வேகவைத்தும், பயறு உளுந்து போன்றவற்றை வேகவைத்தும் தரச் சொல்கிறது. எண்ணெய், உப்பு, 50 பலம் இறைச்சி, சாறு அல்லது தயிர், பால் ஆகியவற்றையும் அளவுடன் விதிக்கிறது. போலோவுக்கு வியப்பூட்டிய சோறும் இறைச்சியும் அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஏறிய உணவுமுறை. தென்னாட்டின் கொள்ளும் வேகவைத்தே குதிரைக்கு இடப்படுவது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்துக் குதிரைப்படையும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டது. புல்வெளி குறைந்த, மழையும் வெப்பமும் மிகுந்த நிலத்தில் உலர்ந்த புல்லின் இடத்தைத் தானியம் நிரப்பியாக வேண்டியிருந்தது.

இதனால் வஸ்ஸாஃபின் கூற்று முழுவதும் பொய் என்றாகிவிடாது. அவர் விவரிக்கும் நாற்பது நாள் முறையில் உண்மையான தீங்கு ஒன்று உண்டு. நடமாட்டமின்றிக் கட்டப்பட்டு மிகுதியான தானியம் தின்னும் குதிரைக்குக் குளம்பழற்சி வரும். அவ்வாறு ஓய்ந்திருந்த குதிரையைத் திடீரெனக் கடுமையாக ஓட்டினால் தசை இறுகி நடக்கவியலாமல் போகும். இவ்விரண்டையும் இன்றைய கால்நடை மருத்துவம் நன்கறியும். ஈக்கடியால் பரவும் சர்ரா நோயின் கிருமியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் கண்டறியும் வரை, எத்தனை தேர்ந்த குதிரை மருத்துவரும் அந்நோய்க்குக் காரணம் கூற முடிந்திருக்காது. அரபு நாட்டின் வறண்ட வெளியில் வளர்ந்து, பல வாரம் கப்பலில் நின்று, ஈரக்காற்றும் புதிய தீனியும் ஒருங்கே எதிர்கொள்ளும் விலங்கின் சாவுக்குப் பந்திக்காரனின் அறிவுக்குறை ஒன்றே காரணமாகாது.

இழப்பை ஏற்றவர் யார்

போலோ போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்தியே இங்கு முதன்மையானது. குதிரை வணிகர்கள் லாடமும் மருத்துவமும் அறிந்தவர்களைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்தனர். குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தால் விற்பனை குறையும் என்பதே காரணம் என்கிறார். இதன் உண்மையை வேறு சான்றால் உறுதிசெய்ய இயலாது. ஆனால் அதன் பொருளியல் தருக்கத்தை வஸ்ஸாஃப் தரும் எண்களைக்கொண்டே சோதிக்கலாம்.

கிஷ் தீவின் தலைவரான மாலிக்குல் இசுலாம் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் ஆண்டுக்கு 1,400ஐப் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். ஆக, ஆண்டுக்கு 3,08,000 தினார். ஒரு குதிரை ஓராண்டே வாழ்ந்தால் அதன் ஆண்டுச் செலவு தீனி நீங்கலாக 220 தினார். நான்காண்டு வாழ்ந்தால் 55 தினார். 1,400 குதிரைகள் கொண்ட படைப்பிரிவைக் குறையாமல் வைத்திருக்க, முதல் நிலையில் ஆண்டுதோறும் 1,400 வாங்க வேண்டும். இரண்டாம் நிலையில் 350 போதும். இவ்வேறுபாடு அரசனுக்கு 2,31,000 தினார் மிச்சம். வணிகனுக்கு அதே அளவு விற்பனை இழப்பு. நல்ல குதிரை மருத்துவர் ஒருவரின் வருகையை விற்பவர் விரும்பியிருக்க வழியில்லை.

ஒப்பந்தத்தின் மற்றொரு விதி இதனினும் வியப்பானது. கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலோ இறந்தாலோ அதன் விலையும் அரசக் கருவூலத்திலிருந்தே தரப்பட வேண்டும். விற்பவன் குதிரையைக் கப்பலில் ஏற்றிய அளவிலேயே அதன் சாவு வாங்குபவனுடையதாகிவிடுகிறது. இத்தகைய விதியைப் பாண்டியன் ஏன் ஏற்றான்? விடையின் ஒரு பகுதியை வஸ்ஸாஃபே தருகிறார். காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பையும் அமைச்சுப் பணியையும் சுந்தரபாண்டியன் ஒப்படைத்திருந்த தகியுத்தீன், ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவர். விற்பவரும் வாங்குபவரின் ஆலோசகரும் ஒரே குடும்பத்தினர். பகை அரசர்களுக்குக் குதிரை போய்விடலாகாது என்னும் அச்சமும் விலைபேசும் வலிமையைக் குறைத்திருக்கும். குதிரைகள் விரைவில் கெடுவதால் கீழை நாட்டுக்கு மேலை நாட்டுப் பொருள் எந்நாளும் தேவைப்படுகிறது என்றும், அது இறைவனின் ஏற்பாடு என்றும் வஸ்ஸாஃப் எழுதுவதில் வணிகத் தரப்பின் மனநிறைவு தெளிவாகவே ஒலிக்கிறது.

இதனோடு திருவாதவூரர் கதையை ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளை வாதவூரர் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டு வருகிறான். அங்குக் கயிறு மாறும் வழக்கம் நிகழ்கிறது. கயிறு கைமாறிய பின் குதிரைக்கு நேர்வதற்கு விற்றவன் பொறுப்பல்லன் என்பது அதன் பொருள். அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாகி, பந்தியில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொல்கின்றன. அரசனின் சினம் விற்றவன் மேல் செல்ல வழியின்றி அமைச்சர் மேல் பாய்கிறது. சமய நோக்கில் இது திருவிளையாடல். வணிக வழக்கின் பதிவாக நோக்கினாலோ, குதிரையைக் கண்ணால் கண்டு, கயிற்றைக் கையில் வாங்கும் இடத்தில்தான் பொறுப்பு மாறுகிறது. கப்பல் ஏறியதுமே பொறுப்பை அரசன்மேல் சுமத்தும் கிஷ் ஒப்பந்தத்தைவிடப் புராணம் காட்டும் வழக்கம் வாங்குபவனுக்கு நேர்மையானது.

அர்த்தசாத்திரம் இன்னும் ஒருபடி சென்று, பொறுப்பைப் பந்திக்குள்ளேயே வைக்கிறது. விலைக்கு வாங்கியவை, போரில் கிடைத்தவை, பந்தியில் பிறந்தவை என்பவற்றோடு, அடகாக வந்தவையும் சிறிது காலம் தங்க விடப்பட்டவையும் தனித்தனியே பதியப்பட வேண்டும் என்கிறது. பிறர் குதிரையைக் காத்துத் தரும் ஏற்பாடு தனிவகையாக எண்ணப்பட்டமைக்கு இது சான்று. கவனக்குறைவால் நோய் முற்றினால் மருத்துவச் செலவின் இருமடங்கும், குதிரை இறந்தால் அதன் விலையும் தண்டம். இவ்விதி நடைமுறையில் எவ்வளவு செயற்பட்டது என்பது வேறு வினா. பேணுபவனே இழப்புக்கு விடைசொல்ல வேண்டும் என்ற கருத்து இருந்தது என்பதே இங்கு வேண்டுவது.

வாலும் தோலும்

விசயநகர ஆட்சியிலும் பாண்டியர் கால ஏற்பாடே சில காலம் தொடர்ந்ததாகத் தோன்றுகிறது. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று என்னும் விலையில், உயிருடன் வந்தவற்றையும் இறந்தவற்றையும் ஒருங்கே ஏற்றான் என்று போர்த்துகீசிய வணிகர் பெர்னாவோ நூனிஸ் எழுதுகிறார். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். முழு விலையும் கிடைக்கும். பர்தா என்பது போர்த்துகீசியர் குறிப்புகளில் வராகனைச் சுட்டும் பொற்காசு.

அச்சுதராயர் காலம் பற்றி நூனிஸ் தரும் விவரங்கள் முற்றிலும் வேறான ஒரு நிருவாகத்தைக் காட்டுகின்றன. அரண்மனைக் காவலுக்குரிய 6,000 குதிரை வீரர்க்குக் குதிரையும் மாதந்தோறும் அதற்கான தீனியும் அரசன் தந்தான். ஒவ்வொரு குதிரையின் மேலும் அரச முத்திரை சுடப்பட்டிருந்தது. குதிரை இறந்தால், முத்திரை உள்ள தோல்துண்டை அறுத்துக் குதிரைத் தலைவரிடம் காட்டினால்தான் மாற்றுக் குதிரை கிடைக்கும். முன்பு வால் வணிகனுக்குப் பணம் பெற்றுத் தந்தது. இப்போது தோல் வீரனின் கணக்கைத் தீர்த்தது. விற்றுவிட்டு இறந்ததாகச் சொல்லும் வழி அடைபட்டது. பணியாளர் அளவும் மாறியிருந்தது: 1,600 குதிரைக்காரரும் 300 பயிற்றுநரும் அரசனிடம் சம்பளம் பெற்றனர். பயிற்சியே இல்லை என்று வஸ்ஸாஃப் குறைகூறிய நிலையிலிருந்து இது நெடுந்தொலைவு.

இதற்குச் சற்று முற்பட்ட துவார்த்தே பார்போசாவின் குறிப்பு தூண்டுதல் முறை ஒன்றைச் சொல்கிறது. அரசன் அளித்த குதிரையை நன்கு பேணியவனுக்கு அதனினும் சிறந்த குதிரை மாற்றித் தரப்படும்; புறக்கணித்தவனுக்குத் தாழ்ந்தது தரப்படும். உடைமை அரசனுடையது, பேணல் வீரனுடையது என்னும் இவ்வேற்பாட்டில் தண்டத்தைவிட மாற்றுக் குதிரை வலிய கருவியாக இருந்திருக்கும். எனினும் அவரும் இந்நாட்டில் குதிரைகள் குறுகிய காலமே வாழ்ந்தன என்றே எழுதுகிறார். பயிற்றுநராலும் காவல் முறையாலும் தட்பவெப்பத்தை மாற்ற முடியவில்லை.

மாற்ற முடிந்தது செலவைச் சுமப்பவரை. அரசன் ஆண்டுதோறும் ஓர்முசுக் குதிரைகளும் உள்நாட்டுக் குதிரைகளுமாக 13,000 வாங்கி, சிறந்தவற்றைத் தன் பந்திக்கு எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைப் படைத்தலைவர்களுக்கு விற்றான் என்கிறார் நூனிஸ். உள்நாட்டுக் குதிரைகளை அரசன் வாங்கிய விலை ஆயிரம் பர்தாவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து. படைத்தலைவர்களுக்குத் தந்த விலை ஆயிரத்துக்கு ஐந்து. ஏறத்தாழ 67 முதல் 83 பர்தா வரை அடக்கமான குதிரை 200 பர்தாவுக்குக் கைமாறியது. அவ்வாறு திரண்ட பணத்தால் போர்த்துகீசியரிடம் அரபுக் குதிரைகள் வாங்கப்பட்டன. கருவூலத்திலிருந்து ஒரு காசும் வெளியேறவில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது போல என்று வீண்செலவைச் சுட்டும் வழக்கு தமிழில் உண்டு. இங்குக் கட்டியவன் ஒருவன், தீனி போட்டவன் இன்னொருவன்.

கருவூலத்துக்குச் செலவில்லை என்னும் இதே தொடர் வஸ்ஸாஃபிடமும் வருகிறது என்பது நோக்கத்தக்கது. பாண்டியர் காலத்தில் 22,00,000 தினாரும் கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிர் மீதான வரியிலிருந்தும் தரப்பட்டது என்கிறார் அவர். விசயநகரக் காலத்தில் அந்த இடத்தில் படைத்தலைவர்கள் நிற்கின்றனர். அவர்களும் தம் கையிலிருந்து தரவில்லை. உழவர்கள் விளைவில் பத்தில் ஒன்பது பங்கைத் தம் தலைவர்க்குச் செலுத்தினர் என்கிறார் நூனிஸ்; விகிதம் மிகையாயினும் சுமையின் திசை ஐயத்துக்கு இடமற்றது. படைத்தலைவர்கள் குதிரை விலையைச் செலுத்த வேண்டிய காலம் செப்டம்பர் மாதம். மகாநவமி விழாவுக்கு அவர்கள் தலைநகரில் கூடித் தம் நிலத்திற்குரிய இறையைச் செலுத்திய காலமும் அதுவே. டொமிங்கோ பயஸ் கண்ணால் கண்டு எழுதிய, பட்டும் பொன்னும் பூட்டிய அரசக் குதிரைகள் பூசை பெற்று அணிவகுத்ததும் அவ்விழாவில்தான்.