கொடகனாற்றுச் சமவெளியும் புவியியல் உயர்கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திண்டுக்கல் பாறைக்கோட்டையின் மீது நின்று நோக்குவார்க்குத் தென்கிழக்கே சிறுமலையும், மேற்கே பழனிமலைத் தொடரும், வடக்கு நோக்கிச் சரியும் சமவெளியும் ஒருசேரப் புலனாகும். தென்மேற்குப் பருவமழையை மலைகள் மறிப்பதால் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கும் நிலம் இது. மலை, மழைமறைவு, ஆறு, கண்மாய், தோல் பதனிடும் தொழில் எனப் புவியியல் மாணவர் கற்க வேண்டிய பொருள்கள் பலவும் இங்கு ஒரே பார்வையில் அடங்குகின்றன. எனினும், அவற்றைப் பல்கலைக்கழக நிலையில் கற்க விழைந்தோர் நெடுங்காலம் இந்நிலத்தை விட்டு நீங்க வேண்டியிருந்தது. அந்நிலை உருவான வரலாற்றையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவைக் கல்வியும் ஆசிரியர் கல்வியும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1821இல் பி. எஸ். வார்டு பழனிமலையை அளந்தார். இவையெல்லாம் நிலத்தை அறியும் முயற்சிகளே. ஆயினும், வரியும் ஆட்சியுமே அவற்றின் நோக்கம். அளந்து எழுதப்பட்ட செய்திகள் அலுவலகங்களுக்குச் சென்றன, பள்ளிக்கூடங்களுக்கு வரவில்லை. தமிழில் கற்பிக்கும் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. இரேனியசு எழுதிய ‘பூமி சாஸ்திரம்’ 1832இல் அச்சேறியது. தமிழில் நிலநூல் அறிவு நூலுருப் பெற்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அத்துறை பல்கலைக்கழகத்தில் தனித்துறையாக நிலைபெற்றது என்பது எண்ணத்தக்கது.

இந்த நீண்ட இடைவெளியை நிரப்பியவர்கள் பள்ளி ஆசிரியர்களே. என். சுப்பிரமணியம் முன்னின்று 1926இல் தொடங்கிய சென்னைப் புவியியல் சங்கமும் அதன் ஆய்விதழும் ஆசிரியர் பயிற்சிக் கல்விச் சூழலில் தோன்றியவை. பிற்காலத்தில் இந்தியப் புவியியல் சங்கம் எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பு, வகுப்பறையில் பூகோளம் கற்பித்தோரை ஆய்வெழுதுவோராகவும் ஆக்கியது. இது தமிழகத்திற்கு மட்டும் உரிய நிலையன்று. ஆக்ஸ்போர்டில் 1899இல் புவியியல் பள்ளி தொடங்கப்பட்டபோதும் அங்கே முதலில் வழங்கப்பட்டது பட்டயமே. முழுமையான சிறப்புப் பட்டப்படிப்பு 1930களில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அலிகார் 1931இலும் கல்கத்தா 1941இலும் முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையும் 1930களிலேயே உருப்பெற்றது. ஜார்ஜ் குரியன் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார். ஊர் ஊராக, வட்டாரம் வட்டாரமாக நிலத்தை விவரிக்கும் ஆய்வுமுறை அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மாணவர் தம் சொந்த ஊரையே ஆய்வுக்களமாகக் கொள்ள அது வழி வகுத்தது. ஆனால் பட்டமோ சென்னையில் இருந்தது.

அணுக்கமும் அகற்சியும்

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் தொலைவு குறைந்தது. பின்னர் அங்குப் புவியியல் முதுநிலைக் கல்வியும் இடம்பெற்றது. திண்டுக்கல்லின் அருகிலேயே, சின்னாளப்பட்டியை ஒட்டி, 1947இல் தோன்றிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் அமைந்தது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் உருவாக்கிய இந்நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சுற்றியுள்ள கிராமங்களையே கல்விக்களமாகக் கொள்வது அதன் அடிப்படைக் கொள்கை. புவியியல் என்னும் பெயரில் அன்றிப் புவித்தகவலியல் என்னும் பெயரில் அங்கு முதுநிலைப் படிப்பு வந்து சேர்ந்தது. துறையின் பெயர் மாறியதே அன்றி, கற்கும் பொருள் அதே சமவெளிதான்.

அந்தச் சமவெளி கற்பிக்க வேண்டியவை எளியவை அல்ல. வேடசந்தூர் வட்டம் அழகாபுரியில் கொடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1977 வெள்ளத்தில், கரைக்கு மேல் நீர் வழிந்து உடைந்தது. பொறியியலார்க்கு அது மதகும் வழிந்தோடியும் பற்றிய பாடம். புவியியலார்க்கோ, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு ஒரே நாளில் எத்துணை நீரைக் கொணரும் என்னும் வினா. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 80 தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரில் உவர்ப்பை ஏற்றிய செய்தியும் இவ்வாறே. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் மேல்கொடகனாற்று வடிநிலத்தில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கிணற்று நீர் கரிப்பதை முதலில் அறிந்தவர் உழவரே. அந்தக் கரிப்பின் அளவும் அது பரவும் போக்கும் ஆய்விதழ்களில் பதிவாயின.

மொழியின் இடம்

1960இல் கோவை அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதன் தேவையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்கள் பலவற்றை வெளியிட்டது. புவிப்புறவியல், காலநிலையியல் முதலியவற்றிற்கான கலைச்சொற்கள் அவ்வழியே நிலைபெற்றன. ‘பூகோளம்’ வழக்கொழிந்து ‘புவியியல்’ வேரூன்றியதும் பாடநூல்களின் வழியேதான். பட்ட வகுப்பில் நிகழ்ந்த இம்மாற்றம் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் முழுமையாக எட்டவில்லை. கொடகனாற்று வடிநிலம் பற்றிய நீரியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. வேடசந்தூரிலிருந்து முதுநிலை கற்கச் செல்லும் மாணவர், தம் வீட்டுக் கிணற்று நீரைப் பற்றி எழுதப்பட்டதை ஆங்கிலத்தில் படித்துத் தந்தைக்குத் தமிழில் சொல்ல வேண்டியவராகவே இன்றும் இருக்கிறார்.