வீட்டில் ஒருவருக்கு வேலை இருந்தால்: உதவித்தொகையின் வருமான வரம்பு குறித்து

ஆரணிப் பட்டு வட்டாரத்துத் தேசூரில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவர் பட்டதாரி. தறியை விட்டுவிட்டு வேறு வேலை தேடுகிறார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு கடந்துவிட்டது. மனைவி செய்யாறு சிப்காட்டில் உள்ள காலணித் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். வேலையற்றோர் உதவித்தொகைக்குக் கணவர் விண்ணப்பித்தால் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. தடையாக நிற்பது மனைவியின் சம்பளம்.

தமிழ்நாடு அரசின் இந்தத் திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலை முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டு வரை வழங்குவார்கள். பதிவு ஐந்து ஆண்டாகத் தொடர்ந்து உயிர்ப்போடு இருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45க்குள் இருக்க வேண்டும். இத்தனைக்கும் மேலாகக் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

நாளுக்கு 240 ரூபாய் கூலியில் ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலே 72,000 வந்துவிடும். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலியே நாளுக்கு 336 ரூபாய். ஆக, வீட்டில் ஒருவர் ஆண்டு முழுக்க எந்த வேலை பார்த்தாலும், அது எவ்வளவு எளிய வேலையாக இருந்தாலும், மற்றவரின் விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஏழையை அடையாளம் காண வைத்த வரம்பு, நடைமுறையில் ‘கணவன் மனைவி இருவருமே வேலையின்றி இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையாகிவிட்டது. வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் பட்டதாரி ஆண்டுக்கு 7,200 ரூபாயை முழுதாக இழக்கிறார். படிப்படியாகக் குறைத்துத் தரும் ஏற்பாடு இல்லை.

அரசிடம் இருக்கும் பணம் கொஞ்சம், அது ஒரு வருமானமும் இல்லாத வீட்டுக்கே முதலில் போகட்டும் என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு இதே அரசு வைத்த குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். வேலையற்றோர் திட்டத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. ஓராண்டுப் பதிவு போதும், பத்தாண்டு வரை தொகை உண்டு. குடும்ப வருமானத்தைப் பாராமல் தனி மனிதரின் நிலையை மட்டும் பார்ப்பது அரசுக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இப்போது நிலைமையைத் திருப்பிப் பார்ப்போம். அந்த மனைவி தொழிற்சாலை வேலையை இழக்கிறார்; தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உரிய காலம் சந்தாவும் கட்டியிருக்கிறார். 2018இல் வந்த அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தின்படி 90 நாள் வரை நிவாரணம் கோரலாம். 2020இல் அது சராசரிக் கூலியில் கால் பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. அங்கே கணவரின் வருமானத்தை எவரும் கேட்பதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவரின் வேலையிழப்பு உரிமையாகிறது, மற்றவருடையது தயவாகிறது. காரணம் சந்தா. பட்டுத் தறிக்காரருக்காக அந்தச் சந்தாவைக் கட்டும் முதலாளி என்று எவரும் இல்லை. சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதோடு அவர் கணக்கு முடிகிறது.

குடும்ப வருமானத்தைப் பார்ப்பதா என்ற இந்தக் கேள்வியில் பிரிட்டன் நெடுங்காலமாக அனுபவப்பட்ட நாடு. 1931இல் அங்கே வந்த குடும்ப வருமானச் சோதனை, மகனின் சம்பளத்தைக் காட்டித் தகப்பனின் உதவியைக் குறைத்தது. மக்களின் கசப்புக்குப் பின் 1941இல் கைவிடப்பட்டது. இன்று அங்கே சந்தா வழி வரும் தொகைக்குத் துணைவரின் சம்பளம் தடையில்லை. யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையோ இருவர் வருமானத்தையும் சேர்த்தே பார்க்கிறது.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும் குடும்பத்தையே அலகாகக் கொண்டது. வேலை கேட்டு 15 நாளுக்குள் தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு குறைந்தது பாதி என்று 7ஆம் பிரிவு சொன்னது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 100 நாள் வேலை பெற்றுவிட்டால் அந்தப் பொறுப்பு தீர்ந்தது. கணவர் 100 நாளும் போய்விட்டால் மனைவிக்கு அந்த ஆண்டில் கேட்க எதுவுமில்லாமல் போனது. தேசூர் பேரூராட்சி என்பதால் அதுகூட அங்கே எட்டவில்லை.

நெசவு வீட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஊடை நூலைத் தாரில் சுற்றுவதும், புதுப் பாவு வந்தால் பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைப்பதும், கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பதும் துணை ஆளின் வேலை. அந்தத் துணை ஆள் பெரும்பாலும் மனைவி. கூலி எழுதப்படுவதோ ஒருவர் பெயரில். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் பதிவான 35.22 லட்சம் பேரில் பெண்கள் ஏறக்குறைய 72 விழுக்காடு. கணக்கெடுப்பின் கண்ணுக்குப் பட்ட இந்த உழைப்பு கூலிப் புத்தகத்தில் மறைந்துபோகிறது. தறி நின்றால் இருவருக்கும் வேலை போகிறது. ஆவணத்தில் ஒருவருக்குத்தான் போனதாகிறது.

ஆகவே 72,000 என்ற வரம்பை உயர்த்துவதோடு நிற்கக் கூடாது. துணைவர் சம்பாதிப்பதில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். மீதிக்கு ஏற்பத் தொகையைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளி நெசவாளர்களும் கூலி எழுதும்போது தறிக்கு இரண்டு பெயர் எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். அதற்குப் புதிய நிதி தேவையில்லை. புத்தகத்தில் கூடுதலாக ஒரு பத்தி போட்டால் போதும்.