கேட்டால் தரும் சாலை, பார்த்துத் தரும் சாலை

முழங்கால் தேய்ந்த ஒரு முதியவர் 18 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வேண்டும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டுதான் பல நாடுகளில் நெடுங்காலம் சிக்னல் நேரத்தைக் கணக்கிட்டு வந்தார்கள். அந்தக் கணக்கில் 15 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கோ 22 விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஏழெட்டு விநாடியும் அவர் நடுச்சாலையில், உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்கு முன்னால்தான் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்கும் பொறுப்பைக் கணினியிடம் விடலாம் என்று நினைத்த இரண்டு நகரங்கள் சிங்கப்பூரும் டொராண்டோவும். இரண்டும் போன வழி வேறு வேறு.

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் ‘பச்சை மனிதன் பிளஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தானுக்கு மேலே, அதே கம்பத்தில், ஓர் அட்டை வாசிப்பான். மூத்த குடிமக்களும் மாற்றுத்திறனாளிகளும் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் காட்டும் அதே சலுகை அட்டையை அதில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை நீளும். யாரும் தட்டாதபோது சிக்னல் வழக்கம்போல் ஓடும். வண்டிகள் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது. கைப்பையில் ஏற்கெனவே இருக்கும் அட்டை, பேருந்தில் ஏறும்போது கை பழகிய அதே அசைவு. வாசிப்பான் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. நேரம் வேண்டுமா என்பதை அந்த அம்மாவோ ஐயாவோ முடிவு செய்கிறார். தட்டாமலும் போகலாம்.

டொராண்டோவின் ஏரிக்கரையில் 12 ஏக்கர் நிலம், பெயர் கீசைடு. அங்கே ஒரு புதிய வட்டாரத்தைத் திட்டமிட, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டைச் சேர்ந்த சைட்வாக் லேப்ஸ் 2017 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2019 ஜூனில் வந்த பெருந்திட்டம் 1,500 பக்கங்களைத் தாண்டியது. மரத்தால் ஆன உயரக் கட்டடங்கள், பனியை உருக்கும் அறுகோண நடைபாதைக் கற்கள், நிலத்தடியில் சரக்கு கொண்டுபோகும் ரோபோக்கள் என்று அதில் கனவுகளுக்குக் குறைவில்லை. நடப்பவர் மெதுவாக வந்தால் அதை உணர்ந்து நேரத்தை நீட்டும் சிக்னலும் அதில் இருந்தது. அட்டை வேண்டாம், பொத்தான் வேண்டாம். சாலையே பார்த்துத் தரும்.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மெதுவாக நடப்பவரைக் கண்டுகொள்ள, அந்த உணரிகள் அங்கே நடக்கும் எல்லோரையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தது எங்கே சேரும், யார் கையில் இருக்கும்? ஒண்டாரியோ மாநிலத்தின் முன்னாள் தனியுரிமை ஆணையர் ஆன் கவூக்கியன் இந்தத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தார். தரவு சேகரிக்கப்படும் இடத்திலேயே ஆள் அடையாளத்தை அழித்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. மற்ற நிறுவனங்களையும் அதற்குக் கட்டுப்படுத்துவோம் என்று சைட்வாக் லேப்ஸால் உறுதி தர முடியவில்லை. 2018 அக்டோபரில் அவர் விலகினார். 2019இல் கனடாவின் குடிமை உரிமைகள் சங்கம் இந்தத் திட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், 190 ஏக்கர் வரை பரவ நினைத்த திட்டம் பழையபடி 12 ஏக்கருக்குச் சுருக்கப்பட்டது. 2020 மே 7 அன்று, பெருந்தொற்றுக் காலப் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணமாகச் சொல்லி நிறுவனம் வெளியேறியது.

இந்த நிறுவனமே 2019இல் உணரிகளுக்குப் பக்கத்தில் வைக்க அறுகோண அறிவிப்புச் சின்னங்களை வடிவமைத்தது: இங்கே என்ன சேகரிக்கப்படுகிறது, எதற்காக, யாரால் என்று சொல்பவை. நேர்மையான முயற்சிதான். ஆனாலும் நடைபாதையில் போகிறவர் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? வேண்டாம் என்றால் வேறு தெரு வழியாகப் போக வேண்டும். சிங்கப்பூர்க் கம்பத்தில் மறுப்பது அட்டையை எடுக்காமல் இருப்பதோடு முடிகிறது. கணினிகள் அன்றாட வாழ்க்கைக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்று கணினி அறிவியலாளர் மார்க் வைசர் 1991இல் எழுதினார். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தலாம். பலருக்கும் பொதுவான தெருவில் கணினி கண்ணில் படவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இதனால் சிங்கப்பூர் முழுவதும் அந்த ஒரு கம்பத்தைப் போல இருக்கிறது என்று ஆகிவிடாது. அங்கே காவல்துறையின் கேமராக்களே 90,000ஐத் தாண்டியவை. தொற்றுப் பரவலைத் தடம்காண மட்டும் என்று சொல்லி மக்களிடம் திரட்டிய டிரேஸ்டுகெதர் செயலியின் தரவை, குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோது பலர் மனம் நொந்தார்கள். கடுமையான 7 வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று பிறகு சட்டம் வரம்பு கட்டியது.

அட்டைக்கும் ஒரு குறை உண்டு, அது சிறியதல்ல. வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், கால் சுளுக்கிய நாற்பது வயதுக்காரர், நிறைமாதக் கர்ப்பிணி, ஊருக்குப் புதிதாக வந்த முதியவர் ஆகியோருக்கெல்லாம் வாசிப்பான் உதவாது. நேரம் வேண்டியவர் யார் என்று அரசு முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் அது. டொராண்டோ நினைத்த சிக்னல் இவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டிருக்கும்; அந்த ஒன்றில் அது மேலான யோசனை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் சிக்னல் விதிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன: பொத்தானை ஒரு விநாடியோ அதற்கு மேலோ அழுத்திப் பிடித்தால் கடக்கும் நேரம் கூடும். அட்டையும் கேமராவும் தேவையில்லை, வயதையும் யாரும் கேட்பதில்லை. வேண்டியவர் யாராக இருந்தாலும் கேட்கலாம். கேட்டவர் யார் என்ற பதிவும் மிஞ்சுவதில்லை.