நெஞ்சுக்குள் ஒரு ஷாக் பெட்டி

1966-ல் இஸ்ரேலில் ஹாரி ஹெல்லர் என்ற மருத்துவர் இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார். அவருடன் வேலை பார்த்த மிஷேல் மிரோவ்ஸ்கியை அந்தச் சாவு விடவில்லை. ஷாக் கொடுக்கும் மெஷினை உடம்புக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? (போலந்தில் பிறந்து, 1939-ல் நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதர். லேசில் விடுகிற ஆள் இல்லை!) 1968-ல் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போய், மார்ட்டன் மோவருடன் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார். இதெல்லாம் வேண்டாத வேலை என்று 1972-ல் எதிர்த்து எழுதியவர்களில் பெரிய புள்ளி பெர்னார்ட் லவுன்.

1980 பிப்ரவரி 4. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி பொருத்தப்பட்டது. அப்போதெல்லாம் மார்பைத் திறக்க வேண்டும், பெட்டியை வயிற்றில் வைக்க வேண்டும். 90-களில் ரத்தக்குழாய் வழியாக ஒயரை விடும் முறை பரவியது. 2002-ல் வந்த ஆய்வில் சாவு 19.8 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அப்புறம் என்ன, வயதானவர்களுக்கும் வரிசையாக வைத்தார்கள்.

தலைவலியே அந்த ஒயர்தான். இதயம் துடிக்கத் துடிக்க அதுவும் வளைந்துகொண்டே இருக்கிறது. 2007 அக்டோபரில் மெட்ரானிக் கம்பெனி தன் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் ஒயர்களின் விற்பனையை நிறுத்தியது, விரிசல் விடுகிறதாம். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 2,68,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. விரிசலில் எழும் இரைச்சலைக் கருவி இதயக் கோளாறு என்று நினைத்து, நன்றாக இருக்கிறவருக்கு ஷாக் அடித்துவிடும். சரி, உருவிவிடலாமே என்றால், வருடக்கணக்கில் அது ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டி வளர்ந்திருக்கும். இழுத்தால் கிழியலாம். 80 வயது உடம்பு தாங்குமா? பேட்டரி தீர்ந்து பெட்டியை மாற்றும்போது கிருமி தொற்றும் ஆபத்து வேறு.

2016-ல் டென்மார்க் ஆய்வு வந்தது. மாரடைப்பால் அல்லாமல் வேறு காரணத்தால் இதயம் பலவீனமான 1116 பேர். கருவி வைத்ததால் மொத்தச் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. இளையவர்களுக்குப் பலன் இருந்தது, 70 தாண்டியவர்களிடம் தென்படவில்லை. காரணம் ரொம்ப எளிது: திடீர்ச் சாவைத்தான் கருவி தடுக்கும். வயதானவர்களை வேறு வியாதிகள் கொண்டுபோய்விடுகின்றன.

அதைவிட என்னை உலுக்கியது 2004-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. கருவியோடு இறந்த 100 பேரின் உறவினர்களைக் கேட்டார்கள். கருவியை அணைப்பது பற்றி 27 பேரிடம்தான் டாக்டர்கள் பேசியிருந்தார்கள். 8 பேருக்குக் கடைசி நிமிடங்களில்கூட ஷாக் அடித்திருக்கிறது, வீட்டார் பக்கத்தில் இருக்கும்போதே!

நோயாளி கேட்டால் அணைக்கலாம், அது கொலை ஆகாது என்று அமெரிக்க இதயத்துடிப்பு நிபுணர்கள் சங்கம் 2010-ல் எழுதி வைத்தது. அணைக்கக் கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். வெளியிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். அவசரம் என்றால் மார்பின் மேல் ஒரு காந்தத்தை வைத்தாலே, பெரும்பாலான கருவிகள் அது இருக்கும்வரை ஷாக் அடிக்காது.