பூட்டும் திறப்பும்: இயந்திரப் பராமரிப்பில் உயிர்க்காப்பின் வரலாறு

தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறு இயங்குகின்ற இயந்திரத்தைப் பற்றியே பெரிதும் பேசி வந்துள்ளது. நிறுத்தி வைக்கப்பட்ட இயந்திரமும் கொல்லும் என்னும் உண்மை மிகப் பிந்தியே உணரப்பட்டது. பழுது பார்ப்பதற்காக ஒருவன் இயந்திரத்தினுள் கையையோ உடலையோ செலுத்தியிருக்கின்றான். அவன் உள்ளே இருப்பதை அறியாத இன்னொருவன் தொலைவிலுள்ள ஆளியை இயக்குகின்றான். இருவரிடத்தும் தீய எண்ணம் இல்லை; பல வேளைகளிற் கவனக்குறைவுகூட இல்லை. இவ்வகை மரணத்தைத் தடுப்பதற்கு எழுந்ததே பூட்டி அட்டையிடும் முறையாகும். மின்னாளியையோ வால்வையோ மூடிய நிலையிற் பூட்டி, வேலை செய்பவனின் பெயர் பொறித்த அட்டையை அதில் தொங்கவிட்டு, திறப்பை அவனே தன்னிடம் வைத்துக்கொள்வது இதன் சாரம். சாவியைத் திறப்பு என வழங்குவது ஈழத்து வழக்கு. இவ்விடயத்திற்கு அச்சொல் மிகவும் பொருந்துகின்றது. ஏனெனில் இங்கு பூட்டினும் பார்க்க முக்கியமானது, திறக்கும் உரிமை யாருடைய கையில் இருக்கின்றது என்பதே. வெருகல் போன்ற நெல்வயற் பிரதேசங்களுக்கும் இது புறம்பான விடயமன்று என்பது பின்னர் நோக்கப்படும்.

கைத்தொழிற் புரட்சி கண்ட பிரித்தானியாவிற் சட்டம் முதலில் நாடியது வேலியையே. 1844 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான பொறியுறுப்புகளுக்கு வேலியிடுமாறு பணித்ததோடு, ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளைச் சிறுவரும் இளையோரும் துப்புரவு செய்வதையும் தடுத்தது. இம்மரபின் வழித்தோன்றலே இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அது 1950 இல் நடைமுறைக்கு வந்தது. வேலி என்னும் இவ்வேற்பாட்டில் ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. வேலி காப்பது இயந்திரத்தை இயக்குபவனை. பழுது பார்ப்பவனோ அவ்வேலியைக் கழற்றிய பின்னரே தன் வேலையைத் தொடங்க முடியும். எவனுக்கு ஆபத்து மிகுதியோ அவனுக்கே வேலி இல்லை! ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவன் நம்பியிருந்தது சக தொழிலாளியின் வாய்ச்சொல்லை மட்டுமே எனக் கூறினும் அது பெரிதும் மிகையாகாது.

பூட்டு முதலிற் கவனம் பெற்ற இடங்களுள் கொதிகலன் குறிப்பிடத்தக்கது. பல கொதிகலன்கள் ஒரே குழாய்த் தொடரில் இணைந்திருக்கையில், ஒன்றினுள் மனிதன் இறங்கியிருக்க, மற்றொன்றின் நீராவி அதனுட் பாய்தல் கூடும். பிரித்தானியாவின் 1961 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு விதித்த ஏற்பாடு நுட்பமானது. நீராவி வரும் வழிகளைத் துண்டித்தல் வேண்டும். இன்றேல் வால்வுகளை மூடிப் பூட்டுதல் வேண்டும். கழிவு வெளியேற்றும் குழாய் பொதுவாயின், அவ்வால்வுகள் அனைத்திற்கும் ஒரே திறப்புத்தான் பாவனையில் இருத்தல் வேண்டும். வால்வை மூடினாலன்றி அத்திறப்பைக் கழற்றி எடுத்தலும் இயலாது. மனிதனின் நினைவாற்றலை நம்பாது பொருளின் அமைப்பை நம்பிய சட்டம் இது.

இச்சிந்தனை நம்மவருக்குப் புதியதன்று. கல்லோயா வழியாகத் திருகோணமலைக்குப் புகையிரதத்திற் பயணஞ் செய்தோர், நிலையங்களில் வளையமொன்று சாரதியின் கைக்கு மாறுவதைக் கண்டிருப்பர். அவ்வளையத்தில் இருப்பது ஒரு தகடு. ஒற்றைப் பாதைக்குரிய கருவியிலிருந்து ஒரு தகடு எடுக்கப்பட்டால், அது மீண்டும் கருவியினுள் இடப்படும்வரை அப்பாதைக்கு இன்னொரு தகடு வெளிவராது. பாதையின் உரிமை வண்டியோட்டியின் கையிலேயே இருக்கின்றது. பழுது பார்ப்பவனின் திறப்பும் இத்தகையதே.

இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் பொறியை அணுகவேண்டிய தேவை ஏற்படின் பயிற்சி பெற்ற ஆணொருவன், இறுக்கமான உடை அணிந்தே அணுகவேண்டும் என்றது. சாரம் உடுத்துக்கொண்டு வார்ப்பட்டைகளின் அருகே நிற்கும் நம் ஆலைத் தொழிலாளரை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அச்சட்டத்தின் 1976 ஆம் ஆண்டுத் திருத்தமே பூட்டைக் கொணர்ந்தது: தற்செயலாக இயங்குநிலைக்கு மாறக்கூடிய ஆளியாயின், அதனைப் பாதுகாப்பான நிலையிற் பூட்டிவைக்க வசதி இருத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கெனத் தனி விதி 1989 இல் வெளியாகி 1990 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் 120 மரணங்களையும் 50,000 காயங்களையும் அது தடுக்கும் என அந்நாட்டுப் பாதுகாப்பு நிருவாகம் மதிப்பிட்டது. பூட்டியவனே பூட்டை அகற்ற வேண்டும் என்பது அவ்விதியின் உயிர்நாடி. ஐவர் வேலை செய்யின் ஐந்து பூட்டுக்கள். ஐந்தாமவன் வெளியேறும்வரை இயந்திரம் உறங்கும்.

அட்டையும் எழுத்துச் சீட்டும் மட்டும் போதாவோ என வினவுவோருக்கு வடகடலின் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை விடையளிக்கின்றது. 1988 சூலை 6 ஆம் திகதி அங்கு ஒரு பம்பியின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டு, அவ்விடத்தில் ஒரு மூடி மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. அதே பம்பியின் பெரும் பராமரிப்பிற்கு வேறொரு அனுமதிச் சீட்டும் இருந்தது. இரவு மற்றைய பம்பி நின்றுவிடவே, பணியிலிருந்தோர் பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதை மட்டும் அறிந்து, முதற் பம்பியை இயக்க முற்பட்டனர். வால்வு இல்லை என்னும் செய்தி அவர்களை எட்டவில்லை. வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர். விசாரணை நடத்திய கலன் பிரபு, 1990 இல் வெளியிட்ட அறிக்கையில், வால்வுகளைப் பூட்டுவதோ அட்டையிடுவதோ வேலை அனுமதி முறையின் அங்கமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தார். காகிதம் மேசையில் தங்கிவிடலாம். பூட்டு வால்வை விட்டு அகலாது.

திருகோணமலை மாவட்டத்துக்குப் பாரிய இயந்திரங்கள் படிப்படியாகவே வந்தன. கடற்படைத் துறையும் எண்ணெய்த் தாங்கிகளும் ஆங்கிலேயர் காலத்தன. பின்னர் கந்தளாயிற் சீனித் தொழிற்சாலை, 1980 இற் சீனன்குடாவில் மா ஆலை, அதனைத் தொடர்ந்து சீமெந்துத் தொழிற்சாலை என அவை பெருகின. சீனித் தொழிலில் அரைவைப் பருவம் முடிந்ததும் உருளைகளையும் கொதிகலன்களையும் முழுமையாகப் பிரித்துப் பராமரிப்பது வழக்கம். தொழிற்சாலை உறங்குவதாகத் தோன்றும் அக்காலமே மனிதர் இயந்திரங்களுக்குள் மிகுதியாக இருக்கும் காலம்.

வெருகலின் நிலை வேறு. மகாவலியின் கிளையாறு கடலை அணுகும் இப்பிரதேசத்தில் இயந்திரம் என்பது நெல்லைச் சார்ந்ததே: நீர்ப்பம்பி, உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், சிறு அரிசி ஆலை. ஒரே மோட்டார் பல வார்ப்பட்டைகளை இழுக்கும் ஆலையில், ஒருவர் உயர்த்தியின் அடியில் அடைப்பை நீக்குகையில், மற்றவர் வாசலில் நெல் இறக்குபவரோடு பேசிக்கொண்டு நிற்கக்கூடும். உருகியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் மின்பணியாளன், விதி எதனையும் படியாமலே அதன் சாரத்தைக் கண்டவனாவான்.

வயலில் நிற்கும் அறுவடை இயந்திரமோ தொழிற்சாலை ஆகாது. கட்டளைச் சட்டம் தொழிற்சாலை என்பதை ஓர் இடமாகவே வரையறுக்கின்றது. வேலியும் பரிசோதகரும் அவ்விடத்தின் எல்லையோடு நின்றுவிடுவர். ஈர வைக்கோல் சிக்கிக்கொள்ளும்போது, வாடகை நேரம் வீணாகின்றதே என்ற அவசரத்தில், என்ஜினை நிறுத்தாமலே உதவியாள் கையை விடுகின்றான். சாரதி என்ஜினை நிறுத்தித் திறப்பைக் கழற்றி அவ்வுதவியாளின் கையிற் கொடுப்பாராயின் செலவில்லாத ஒரு பூட்டு அங்கு அமைந்துவிடும். ஆயினும் எண்ணெய் அமுக்கத்தால் உயர்ந்து நிற்கும் வெட்டுத்தளத்தை அத்திறப்புக் கட்டுப்படுத்தாது. அதன் கீழே புகுமுன் தளத்தை நிலத்தில் இறக்குதலோ, இரும்புத் தாங்கியை முட்டுக்கொடுத்தலோ வேண்டும்.